பெரட்டு அந்தப் புத்தகத்துல இல்ல

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்க போனாலும் பெருவெரல்தான் வைப்பேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி பக்கத்துல உக்காந்து ஹேண்ட்போன்ல தட்டிக்கிட்டு வர்றா. "நான் சொல்றதை அப்படியே போடு, எனக்கு நல்ல பேரு வாங்கித் தர்றேன்னு நடுவுல அழகு பண்ணிடாத"ன்னு முதல்லயே சொல்லிட்டேன். ஏன்னா சொல்லப் போறது நான் வெக்கப்பட வேண்டிய விசயம். குரல் என்னமோ சந்தோசமாத்தான் வரும். அது என் வாயோட பழக்கம். எழவு வீட்டுக்குப் போனாக்கூட நாலு பேரைச் சிரிக்க வெச்சுட்டுத்தான் திரும்புவேன். என் வீட்டுக்காரர் உசுரோட இருந்த வரைக்கும் அதுக்கு ஏசிக்கிட்டே இருந்தாரு. கடைசியில அவர் எழவுலயும் சிரிச்சேன். சரி, அதை விடுங்க.

இப்ப நாங்க செனாவாங்குல இருக்கோம். டாமான் வீடு, அதாவது வரிசை வரிசையாக் கட்டின குடியிருப்பு. என் மகனோட மக இவ, இருபத்தாறு வயசு. பேக்டரியில ஷிப்ட் வேலை. என்னமோ சின்னச் சின்ன சாமான் செய்யிறாங்களாம், அரிசியை விடச் சின்னதாம், கண்ணாடி வெச்சுப் பாத்துத்தான் எடுக்கணுமாம். அவ்வளவு சின்ன சாமானை வெச்சு என்னா பண்ணுவாங்கன்னு கேட்டா அவளுக்கே தெரியாது. காலையில மோட்டர் சைக்கிள்ல போனா மத்தியானம் மூணு மணிக்குத்தான் வருவா. வந்து குளிச்சுச் சாப்பிட்டுப் படுக்க வேண்டியதுதானே? புத்தகத்தைத் தூக்கிக்குவா. எங்க பரம்பரையில யாருக்கும் இல்லாத வியாதி.

அவ ஒரு வாசகர் கூட்டத்துல சேந்தா. கோயில் மண்டபத்துக்குப் பின்னால ஒரு ரூம்ல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கூடுவாங்க. அங்க வர்றவங்க முக்காவாசி டீச்சருங்க. நடத்துறவரு ரிட்டயர் ஆன வாத்தியாரு. வெள்ளச் சட்டையும் பாக்கெட்டுல ரெண்டு பேனாவுமா நல்ல மனுசன். அப்புறம் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கிற பாய் ஒருத்தர். அவர் கடையில இருந்துதான் தேத்தண்ணியும், உருளக்கெழங்கு வெச்சுப் பொரிச்ச கறிபாப்பும் வரும். பேக்டரி வேலை செய்யிற ஆளு அந்த ரூம்லயே என் பேத்தி ஒருத்திதான். முதல் ரெண்டு மாசம் வாயே தொறக்கலையாம்.

அப்புறம் வாத்தியாரு ஒரு யோசனை சொல்லியிருக்காரு. டாமான்ல படிக்கத் தெரியாத கெழவன் கெழவிங்க, கண்ணு தெரியாதவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. நல்ல புத்தகமாப் பாத்து ஒருத்தர் சத்தமாப் படிச்சு ஹேண்ட்போன்ல பதிஞ்சு அனுப்பலாமேன்னு. யாரு படிக்கிறதுன்னு பேச்சு வந்தப்போ, வாயே தொறக்காத என் பேத்தி கையைத் தூக்கிட்டா. வாத்தியாரு யோசிச்சு, "சரிம்மா, முதல்ல ஒரு புத்தகத்தை உன் பாட்டிக்குப் படிச்சுப் பதிவு பண்ணு. பாட்டிக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும். அடுத்த கூட்டத்துக்குப் பாட்டியைக் கூட்டிக்கிட்டு வா, அவங்களே சொல்லட்டும். நல்லா வந்துச்சுன்னா இந்த வேலை உனக்குத்தான்"னு சொல்லிட்டாரு.

வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னப்போ அவ கண்ணைப் பாக்கணுமே. மாப்பிள்ளை பாத்தப்பக்கூட அப்படி ஒரு மொகம் இல்ல. நானும் குதிச்சேன். பரிச்சை அவளுக்கு, மார்க்கு போடுறது நான். படிக்காத எனக்கு யாரு குடுப்பா இப்படி ஒரு வேலை?

புத்தகம் என்னான்னா, ஒரு நாவல். பேரை நான் சொல்லல, எழுதினவங்க மனசு சங்கடப்படும். அந்த நாவலைப் பத்தி அம்புட்டுப் பேச்சு. பரிசு வாங்கினது. பேப்பர்ல போட்டாங்க, ரேடியோவுல ஒரு மணி நேரம் பேசினாங்க. வாத்தியாரு மூணு தடவை படிச்சு மூணு தடவையும் அழுதாராம். உலகம் அழிஞ்ச பிறகு நடக்கிற கதை. கடல் பொங்கி ஊரெல்லாம் முங்கிப் போய்டுது. மலை மேல ஒரு பழைய ஹோட்டல்ல இருபது பேரு மிச்சம். அவங்க என்னா ஆனாங்கங்கிறதுதான் கதை.

கேட்டதும் எனக்கு எச்சி ஊறிடுச்சு. உலகம் அழியிற கதைன்னா சும்மாவா? யாரு யாரை அடிச்சா, யாரு சோத்தை ஒளிச்சு வெச்சா, எந்த மருமக எந்த மாமியாரை மலையில இருந்து தள்ளினா, அதெல்லாம் வரும்னு நெனச்சேன்.

அவ எப்படிப் பதிவு பண்ணுவான்னா, வேலை விட்டு வந்ததும் ரூமுக்குள்ள போய் ஜன்னலைச் சாத்திடுவா. ரோட்டுல மோட்டர் சத்தம் கேக்கக் கூடாதாம். ஃபேனையும் நிறுத்திடுவா. ஃபேன் சத்தம் குரலுக்குள்ள வந்துருமாம். மூணரை மணி வெயிலு, தகரம் காயிற மாதிரி காயும். அரை மணி நேரம் உள்ள இருந்து படிச்சுட்டு வெளிய வரும்போது கழுத்துல இருந்து வேர்வை ஊத்தும். துண்டால தொடச்சுக்கிட்டே, "அனுப்பிட்டேன் பாட்டி, சாவகாசமாக் கேளுங்க"ன்னு சொல்லுவா. நான் என் ரூமுக்குப் போய்ப் படுத்துக்கிட்டு, ஹேண்ட்போனைத் தலமாட்டுல வெச்சு, ஃபேனை அஞ்சுல போட்டுக்கிட்டுக் கேப்பேன்.

முதல் பதிவு நல்லாத்தான் இருந்துச்சு. கடல் வருது, கட்டடம் விழுது. நாங்க வருசத்துக்கு ஒரு தடவை சி ரூசா கடலுக்குக் குளிக்கப் போவோம், நாசி லெமாக்கை, தேங்காப்பால் சோத்தை, இலையில கட்டிக்கிட்டு. அந்தக் கடலைப் பாத்தவங்களுக்கு இது பொங்கி வருமான்னு சந்தேகமா இருக்கும். தண்ணி வடிஞ்ச நேரத்துல அரை மைல் நடந்தாலும் முட்டியைத் தாண்டாது. ஆனாலும் கதைதானே, நம்பினேன்.

ரெண்டாவதுல மலைக்கு வந்துட்டாங்க. வந்து உக்காந்தாங்க. உக்காந்தாங்களா, அவ்வளவுதான், எந்திரிக்கவே இல்ல. ஒருத்தன் வானத்தைப் பாத்து நெனைக்கிறான். ஒருத்தி கண்ணாடியில மொகத்தைப் பாத்து நெனைக்கிறா. மூணாவதுல இன்னொருத்தன் ரெண்டு பேரும் நெனச்சதைப் பத்தி நெனைக்கிறான். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு. அடுப்புல என்னா இருக்கு? இருபது பேரு இருக்காங்களே, யாருடா பொங்குறது? பாத்திரம் யாரு கழுவுறா? தண்ணி எங்க மொண்டாங்க? பொம்பளைங்களே எட்டு பேரு இருக்காங்க, குழாயடிச் சண்டை ஒண்ணுகூட இல்ல. எட்டுப் பொம்பளைங்க ஒரே எடத்துல சண்டை இல்லாம இருக்காங்கன்னா கடல் பொங்கினதை விட அதுதான் நம்ப முடியாத விசயம்.

நாலாவதுல பாதியில தூங்கிட்டேன்.

சாயங்காலம் எந்திரிச்சு வந்தா, அவ தேத்தண்ணி கலக்கிக்கிட்டே கேக்குறா. "கேட்டீங்களா பாட்டி?"

"கேட்டேன்மா."

"எப்படி?"

"மனசை என்னமோ பண்ணுது."

இது டிவி நாடகத்துல ஒரு மாமியாரு சொல்றது. எதுக்கு வேணும்னாலும் சொல்லலாம், பொருந்தும். அவ மொகம் அப்படியே மலர்ந்து போச்சு. அதைப் பாத்த பிறகு எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரல. அஞ்சாவது வந்துச்சு. போட்டுவிட்டுத் தூங்கினேன். ஆறாவது வந்துச்சு. போட்டுவிட்டு பயித்தங்கா நறுக்கப் போய்ட்டேன், ஹேண்ட்போன் கட்டிலுக்குப் படிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. அப்புறம் போடுறதையும் விட்டுட்டேன். தெனம் அவ வேர்வையைத் தொடச்சுக்கிட்டு வருவா. தெனம் நான் ஃபேனுக்குக் கீழ தூங்கி எந்திரிச்சு, "மனசை என்னமோ பண்ணுது"ன்னு சொல்லுவேன்.

ஒரு எடம் மட்டும் என்னான்னு எனக்குத் தெரியும், ஏன்னா ஊரே பேசினது அதைத்தான். அந்த ஹோட்டல்ல தீப்பெட்டி தீந்து போயிடுதாம். கடைசித் தீக்குச்சியை ஒரசுறாங்களாம், காத்துல அணைஞ்சிடுதாம், எல்லாரும் அழுறாங்களாம். அந்த எடத்தைச் சொல்லும்போதே வாத்தியாருக்குக் குரல் கம்மிடுமாம். எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ராத்திரி அடுப்புத் தணலைச் சாம்பல் போட்டு மூடி வெச்சா காலையில கெளறினா நெருப்பு. அது தெரிஞ்ச ஒருத்திகூடவா அந்த மலையில இல்ல? நாங்க தோட்டத்துல இருந்தப்போ ரப்பர் மரத்து வெட்டுல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிற பாலை, ஒட்டுப்பால்னு சொல்லுவோம், உரிச்சு சாரோங்கு முடிச்சுல ஒளிச்சு வெச்சுக்கிட்டு வருவோம். அடுப்புல ஒரு துண்டு போட்டாப் போதும், ஈர வெறகுகூடக் குபீர்னு பிடிக்கும். வீடெல்லாம் கறுப்புப் புகை. ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணி மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்து, "யாரு வீட்டுல தோட்டத்துச் சொத்து எரியுது?"ன்னு கத்துவாரு. நாங்க எல்லாரும் கருவாட்டுப் புகைன்னு சொல்லுவோம். இருபத்திரெண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல கருவாடு.

தோட்டம்னு சொன்னேன்ல, கெமாஸ் பக்கம். லயத்து வீட்டுல, கூலிக்காரங்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு அது, படுத்திருந்தா ரயில் கூவுறது கேக்கும். நான் பால் மரம் வெட்டினவ, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியுமுன்ன பெரட்டுக்குப் போகணும். பெரட்டுன்னா, ஆபீஸ் முன்னால எல்லாரும் வரிசையா நிக்கணும், வேலைக்கு மேற்பார்வை பாக்குற மண்டோர் பேரு கூப்புடுவாரு, யாருக்கு எந்த வேலைன்னு பிரிச்சுக் குடுப்பாரு. அதுக்கு மணி அடிப்பாங்க. மணின்னா நெசமான மணி இல்ல, மரத்துல தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. இரும்பால தட்டினா ரெண்டு தோட்டத்துக்குக் கேக்கும். நான் தெனம் லேட்டு. "மகாராணி வந்தாச்சு, இனிமே சூரியன் வரலாம்"னு மண்டோர் சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன்.

இதை ஏன் இப்ப சொல்றேன்னா, அந்தக் கூட்டத்துல நான் பண்ண கூத்துக்கு இதுதான் காரணம்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. நல்ல சேலை கட்டிக்கிட்டு, ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு, அவ மோட்டருக்குப் பின்னால உக்காந்து போனேன். ரூம்ல பத்துப் பன்னெண்டு பேரு. என்னை நடுவுல நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. அவ எனக்கு எதுத்தாப்புல, துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கிட்டு இருந்தா.

வாத்தியாரு கேட்டாரு. "அம்மா, இந்த நாவல் முழுசாக் கேட்டீங்களாமே. உங்க மனசைத் தொட்ட எடம் எது?"

பாய் பின்னால இருந்து, "எல்லாரும் முதல்ல தேத்தண்ணியைக் குடிச்சிருங்க. பாட்டிம்மா ஆரம்பிச்சா ஆறிடும்லா"ன்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது போதாதா? நாலு பேரு சிரிச்சுட்டா என் வாய்க்குக் கதவே கிடையாது. தீக்குச்சியைச் சொல்லியிருக்கலாம், அதாச்சும் புத்தகத்துல இருக்கு. ஆனா அதை நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதனால, "அவங்க மணி அடிச்சாங்க பாருங்க சார், அந்த எடம்தான்"னு சொல்லிட்டேன்.

"என்ன மணி?"

நான் சொன்னேன். கரண்டும் தண்ணியும் இல்லாமப் போச்சு. பாதி பேரு போய்ட்டாங்க. இருக்கிறவங்களுக்கு என்னா பண்றதுன்னு தெரியல, கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. விடியுற நேரம், ஒருத்திக்கு அந்த அமைதியைத் தாங்க முடியல. போய் இரும்பை எடுத்து அந்த மணியைத் தட்டிட்டா. தட்டினதும் அத்தனை பேரும் பழக்கத்துல எந்திரிச்சு, தலையில துணியைக் கட்டிக்கிட்டு, வாளியைத் தூக்கிக்கிட்டு வந்து அவங்கவங்க எடத்துல வரிசையா நின்னுட்டாங்க. நின்ன பிறகுதான் தெரியுது, வேலையே இல்லைன்னு. ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்க. அப்புறம் ஒருத்தர் சொன்னாரு, வந்தது வந்துட்டோம், பிரிச்சுக்குவோம்னு. நீ தண்ணிக்குப் போ, நீ வெறகுக்குப் போ, நீங்க ரெண்டு பேரும் எல்லாப் புள்ளைங்களையும் பாத்துக்கங்க. அன்னையில இருந்து தெனம் மணி அடிச்சாங்க சார், தெனம் பெரட்டு நின்னாங்க. அதனாலதான் பொழச்சாங்க.

ஒரு டீச்சரம்மா கண்ணைத் தொடச்சாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

வாத்தியாரு புத்தகத்தைப் பொரட்டிக்கிட்டு இருந்தாரு. முன்னால போனாரு, பின்னால போனாரு. "அப்படி ஒரு எடம் இதுல இல்லையேம்மா"ன்னாரு.

இந்த எடத்துல நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. "நல்லாப் பாருங்க சார். ரெண்டு பக்கம் ஒட்டியிருக்கும். என் பேத்தி படிச்சதை என் காதால கேட்டேன்."

கண்ணைத் தொடச்ச டீச்சரம்மாவே மெதுவாச் சொன்னாங்க. "முடிவுல எல்லாரும் கடலுக்குள்ள நடந்து போயிடுறாங்க பாட்டி. மணி ஒண்ணும் வரல."

இப்ப யாரும் என்னைப் பாக்கல. என் பேத்தியைப் பாத்தாங்க. நான் சொன்னதுக்கு அர்த்தம் என்னா ஆகிப் போச்சுன்னு எனக்கு அப்பத்தான் ஒறச்சுது.

வாத்தியாரு அவகிட்டக் கேட்டாரு, கோவமாக்கூட இல்ல. "நீ சேத்துப் படிச்சியாம்மா?"

அவ என்னைப் பாத்தா. ரொம்ப நேரம் இல்ல, ஒரு மூச்சு விடுற நேரம். அப்புறம் அவரைப் பாத்து, "ஆமா சார். பாட்டிக்குப் புரியட்டும்னு கொஞ்சம் மாத்திப் படிச்சேன்"னு சொன்னா.

"கொஞ்சமா இது? முடிவையே மாத்தியிருக்க. ஒருத்தர் வருசக்கணக்கா ஒக்காந்து எழுதினதை நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமா? கேக்குறவங்க நம்மளை நம்பித்தானே கேக்குறாங்க." கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. "பதிவு வேலையை வேற யாராவது பாக்கட்டும்மா. நீ கூட்டத்துக்கு வந்துக்கிட்டு இரு."

அவ தலையாட்டினா.

நான் என்னா பண்ணேன் தெரியுமா? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, "அவ இல்ல சார், நான்தான்"னு. அவ்வளவுதான் வேணும். எழவு வீட்டுல வாயாடுறவளுக்கு அங்க வாய் வரல. பாய் தட்டை நீட்டினாரு. நான் கறிபாப்பு எடுத்துத் தின்னேன். தின்னு முடிச்சு இன்னொண்ணும் எடுத்தேன். அதை எழுதும்மா, விடாத. ரெண்டு கறிபாப்பு.

திரும்பி வரும்போது மோட்டர்ல நான்தான், "மழை வரும் போல இருக்கு"ன்னேன். மேல பாத்தா வெயிலு பொரியுது. சிகப்பு விளக்குல நின்னப்போ, முன்னால பாத்துக்கிட்டே கேட்டா. "எது வரைக்கும் கேட்டீங்க பாட்டி?"

"நாலாவது வரைக்கும்."

"மொத்தம் இருபத்திமூணு"ன்னா. பச்சை விழுந்துச்சு.

அதுக்கப்புறம் அவ என்கிட்டச் சண்டை போடல. வழக்கம் போல தேத்தண்ணி கலக்கிக் குடுத்தா, மாத்திரை எடுத்து வெச்சா. ஆனா மூணரை மணிக்கு ரூமுக்குள்ள போய் ஜன்னலைச் சாத்தல. நேரா ஃபேனைப் போட்டுக்கிட்டு படுத்துட்டா. அந்த ஃபேன் சத்தம் எனக்கு இந்தப் பக்கம் கேக்கும். நான் என் ரூம்ல தூங்க முடியாமப் பெரண்டுக்கிட்டுக் கெடந்தேன்.

நாலு நாள் கழிச்சு, அவ வேலைக்குப் போன பிறகு, நான் என் ரூம் ஜன்னலைச் சாத்தினேன். ஃபேனை நிறுத்தினேன். முதல் பதிவுல இருந்து போட்டேன். வேர்த்து ஊத்துச்சு. ஜாக்கெட்டு முதுகோட ஒட்டிக்கிச்சு. அஞ்சு நாள் ஆச்சு முடிக்க.

கதையைப் பத்திச் சொல்லணும்னா, அதுல ஒண்ணும் மாறல. எல்லாம் கேட்ட பிறகும் எனக்குப் பிடிக்கல. அத்தனை பேரு புகழ்ந்தாங்களேன்னு நானும் நல்லாத் தேடினேன். நெனைக்கிறாங்க, நெனைக்கிறாங்க, கடைசியில கைகோத்துக்கிட்டு கடலுக்குள்ள நடக்குறாங்க. சி ரூசாவா இருந்தா சாயங்காலம் ஈரக் காலோட திரும்பி வந்திருப்பாங்க. அந்தத் தீக்குச்சி எடத்துல மட்டும் நானும் எந்திரிச்சு உக்காந்துட்டேன். தீக்குச்சிக்காக இல்ல. படிக்கிறவ குரல் அங்க ஒடஞ்சு போயி, நிறுத்தி, மூக்கை உறிஞ்சிட்டு மறுபடி முதல்ல இருந்து படிக்கிறா.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அஞ்சாவதுல இருந்து ஒவ்வொரு பதிவு முடிவுலயும் அவ என்கிட்டப் பேசியிருந்தா. கதை முடிஞ்சதும், அவ சாதாரணக் குரல்ல. அஞ்சாவதுல, "பாட்டி, இன்னைக்கு இவ்வளவுதான், பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" ஆறாவதுல, "சனிக்கிழமை எனக்கு லீவு, பாசாருக்குச் சாமான் வாங்கப் போவோமா? போகணும்னா சொல்லுங்க." நான் எங்க சொன்னேன்? ஏழாவதுல, "இது வரைக்கும் கேட்டிருந்தா, இன்னைக்கு எனக்கு ஒரு கோப்பி போட்டுக் குடுங்க பாட்டி."

போட்டுக் குடுக்கல. அன்னைக்கும் அவதான் எனக்குத் தேத்தண்ணி கலக்கினா, "கேட்டீங்களா பாட்டி"ன்னு கேட்டா. நான் மனசை என்னமோ பண்ணுதுன்னேன். அப்பவே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் மிச்சம் பதினாறையும் வேர்வையில உக்காந்து படிச்சிருக்கா. தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கா.

ஒம்போதாவது முடிவுல கேட்டிருந்தா. "பாட்டி, உங்க தோட்டத்தை வித்தப்போ கரண்டு, தண்ணி எல்லாத்தையும் வெட்டிட்டாங்கன்னு அப்பா சொல்லுவாரு. இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு அதான் ஞாபகம் வருது. அப்ப நீங்க என்னா பண்ணீங்க? எனக்கு யாரும் சொன்னதில்ல."

அந்த மணியைத் தட்டினது நான்தான். தெனம் லேட்டா வர்ற மகாராணி. பதினோரு குடும்பம் மிச்சம் இருந்தோம். பெரட்டு மணி இல்லாத காலையில எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆயிடுச்சு, ஓடிப் போய்த் தட்டிட்டேன். எட்டு மாசம் தட்டினேன், ஒரு நாள் லேட் ஆனதில்ல. கரண்டு வெட்டின வீட்டுல வேலை இல்லாத பெரட்டுக்கு வரிசையா நின்னோம்னு சொன்னா, கேக்குறவங்க கிறுக்குன்னு நெனைப்பாங்கன்னு யாருகிட்டயும் சொன்னதில்ல. என் பேத்தி ஃபேனை நிறுத்திட்டு வேர்வையோட உக்காந்து அதைக் கேட்டிருக்கா. நான் அவளுக்குச் சொல்லாம, ஊராள் பன்னெண்டு பேருகிட்ட, புத்தகத்துல இருக்குன்னு சொல்லி, அதால அவ வேலையையும் கெடுத்துட்டு வந்தேன்.

கூட்டத்துக்கு வரச் சொன்னப்பவே என் நம்பரையும் அவங்க ஹேண்ட்போன் குரூப்புல சேத்திருந்தாங்க. எழுதத் தெரியாட்டியும் பேசி அனுப்பத் தெரியும், அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பேசணும். அமுக்கினதை மூணு தடவை பாதியில விட்டுட்டேன். "சார், நான்", "சார், நான்தான்", "சார்"னு மூணு துண்டு போச்சு. நாலாவது தடவை நல்லா அமுக்கிப் பிடிச்சேன்.

"சார், நான் பாட்டி பேசுறேன். என் பேத்தி ஒரு எழுத்துகூட மாத்தல. நான்தான் கேக்காமத் தூங்கிட்டு, கேட்டேன்னு பொய் சொன்னேன். அந்த மணி எங்க தோட்டத்து மணி. அவ என்னைக் காப்பாத்தப் பழியை எடுத்துக்கிட்டா, நான் கறிபாப்பு தின்னுக்கிட்டு இருந்தேன். இருபத்திமூணும் என் ஹேண்ட்போன்ல இருக்கு, யாரு வேணும்னாலும் வீட்டுக்கு வந்து கேக்கலாம். இன்னொண்ணு சார், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. முழுசாக் கேட்டுட்டேன், எனக்கு அந்த நாவல் பிடிக்கல. படிச்ச குரல் பிடிச்சுது."

முதல்ல பதில் சொன்னது பாய்தான். "பாட்டிம்மா, எனக்கும் பிடிக்கல. அதான் நான் தேத்தண்ணி ஊத்தப் போயிடுவேன்." மத்தியானம் வாத்தியாரு குரல் வந்துச்சு. "நான் ஒரு பதிவையாவது கேட்டுட்டுப் பேசியிருக்கணும். அது என் தப்பு. அடுத்த புத்தகத்தை அந்தப் பொண்ணே படிக்கட்டும். நாவல் பிடிக்கலைன்னு சொன்னது எனக்கு வருத்தம்தான்மா, ஆனா சொன்னீங்களே." வேலை அவளுக்குத் திரும்பக் கெடச்சுது. அதுக்காக என் வெக்கம் கொறஞ்சுச்சான்னு கேட்டா, இல்ல.

மூணு மணிக்கு மோட்டர் சத்தம் கேட்டுச்சு. அவ பேக்டரியில பிரேக் நேரத்துல எல்லாத்தையும் கேட்டிருப்பா போல. உள்ள வந்தா, ஹெல்மெட்டைக் கழட்டினா, மேசையைப் பாத்தா. கோப்பி போட்டு மூடி வெச்சிருந்தேன். ஏழாவது பதிவோட கோப்பி. ஆறிப் போயிருந்துச்சு, ரெண்டு மணிக்கே போட்டுட்டேன்.

நின்னுக்கிட்டே குடிச்சா. "சீனி ஜாஸ்தி"ன்னா.

அப்புறம் என் ரூமுக்கு வந்து ஜன்னலைச் சாத்தினா. ஃபேனை நிறுத்தினா. ஹேண்ட்போனைக் கட்டில் மேல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சு, பதிவு பண்ற பொத்தானை அமுக்கினா.

"ஒம்போதாவதுல ஒண்ணு கேட்டேன் பாட்டி."

"கேட்டேன்மா. இந்தத் தடவை நெசமாக் கேட்டேன்."

"அப்ப சொல்லுங்க."

"வேர்க்குதுடி."

"வேர்க்கட்டும்"னா.